அணைத்த பொய்லர்

சாம்பல் இன்னும் சுடுமோ என்று கையை உள்ளே நீட்டிப் பார்த்தாள் நகுலேஸ்வரி. சுடவில்லை. கடைசி விறகு எரிந்து ஒரு கிழமைக்கு மேலாகிறது, அது அவளுக்கும் தெரியும், இருந்தாலும் கை தன் பாட்டில் போய்த் தொட்டுப் பார்த்தது, காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றியைத் திரும்பவும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பதுபோல. வீட்டுக்குப் பின்புறம், குசினி யன்னலுக்கு நேரே, தகரக் கூரை போட்ட சின்னக் கொட்டில் மாதிரி நின்றது பொய்லர். முன்னால் கனத்த இரும்புக் கதவு, மேலே புகைபோக்கி. பனிக்காலம் முழுக்க அதன் வயிற்றில் விறகு எரியும். நெருப்பைச் சுற்றியுள்ள இரட்டைச் சுவருக்குள் தண்ணீர் சுடும். சுட்ட தண்ணீர் நிலத்துக்குக் கீழே குழாயில் ஓடி வீட்டைச் சூடாக்கிவிட்டு ஆறித் திரும்பி வரும். இப்போது மே மாதம். புல்லுக்குள் மஞ்சள் பூக்கள் வந்துவிட்டன, வேலியோரப் பள்ளத்தில் மட்டும் அழுக்கான ஒரு துண்டுப் பனி போக மனமில்லாமல் கிடக்கிறது. நெருப்பை அணைத்துவிட்டால் மட்டும் போதாது. அடுத்த குளிர் வரும்வரை இரும்பு கெட்டுப்போகாமல் இருக்கச் சாம்பல் வார வேண்டும், கரி சுரண்ட வேண்டும், புகைபோக்கியின் வாயை மூட வேண்டும், உள்ளே நிற்கிற தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வருடா வருடம் இதைச் செய்தவர் அவளுடைய மனுசன் சபாநாதன். இந்த வருடம் சபாநாதன் பட்டணத்தில், முதியோர் பராமரிப்பு இல்லத்தில், யன்னலோரக் கதிரையில் இருக்கிறார். அவருடைய நீல மேலங்கியைப் போட்டுக் கைகளை மடித்து விட்டுக்கொண்டு அவள் இங்கே நிற்கிறாள். சனிக்கிழமை மகள் ஆரணி ரொறன்ரோவிலிருந்து வருகிறாள், வீடு விற்றுக்கொடுக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு. விற்கப்போகிற வீட்டின் பொய்லரை எதற்குத் துடைக்கிறாய் என்று ஆராவது கேட்டால், துப்புரவாக இருந்தால்தானே வாங்க வருகிற ஆளுக்குப் பிடிக்கும் என்று சொல்லலாம். மறுமொழி நல்ல மறுமொழிதான். கேட்கத்தான் ஆளில்லை.

சாம்பலை அகப்பையால் அள்ளி இரும்பு வாளிக்குள் போட்டாள். மேற்பரப்பு மாவு மாதிரி, கிளப்பினால் மூக்குக்குள் ஏறியது. அடியில் கட்டியாக, ஈரம் குடித்து இறுகிக் கிடந்தது. ஒரு துளியும் விடக்கூடாது, சாம்பல் ஈரத்தை இழுக்கும், இழுத்த ஈரம் இரும்பைத் தின்னும். இதை ஆர் சொன்னது? அவர்தான். அவளுக்கு நேரே சொன்னதில்லை. சாப்பாட்டு மேசையில், கோப்பையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு மே மாதமும் சொல்லியிருப்பார். அவள் கேட்டதாக நினைவில்லை. கேட்காமலே இவ்வளவும் எப்படி உள்ளே போய் இருந்தது? ஆரோ வாடகைக்கு வந்து பூட்டிவிட்டுப் போன அறையைத் திறந்து பார்த்தால் சாமான்கள் அப்படியே அடுக்கியிருப்பதுபோல, புகை கசியாமல் கதவின் விளிம்பில் வைத்த கயிறு மெதுமெதுப்பாய் இருக்க வேண்டும், பிணைச்சலுக்குக் கிறீஸ் பூச வேண்டும், புகைபோக்கிக்கு வாளி கவிழ்க்க வேண்டும், எல்லாம் இருந்தன. தண்ணீரைப் பற்றித்தான் ஒன்றும் இல்லை. தண்ணீரைப் பற்றி அவர் கதைத்தபோது அவள் எழும்பிப் போய்விட்டாளோ என்னவோ. வாளி நிறைந்தது. தூக்கிக்கொண்டுபோய் மரங்களடியில் கொட்டினாள். திரும்பி வரும்போது ஏதோ ஒன்று குறைவதுபோல் காது தேடியது. பம்ப். பனிக்காலம் முழுக்க அந்தப் பம்ப் சுவருக்குள் ஒரு வண்டு மாதிரி முனகிக்கொண்டே இருக்கும், குசினியில், குளியலறையில், தலையணைக்குள்ளும்கூட. அதை நிறுத்தின அன்று வீடு அவ்வளவு பெரிதாகப் போய்விட்டது. நித்திரை வரவில்லை. காலமை எழும்பி வானொலியைப் போட்டு, அறிவிப்புக்காரப் பெண் வணக்கம் சொல்ல, அவளும் வணக்கம் சொன்னாள். சொன்ன பிறகுதான் தொண்டை கரகரத்ததைக் கவனித்தாள். முதல்நாள் முழுக்க ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்கு முதல்நாள்? பாண் வாங்கப் போன கடையில் நன்றி சொன்னாள். அது அதற்கும் முதல்நாளாக இருக்க வேண்டும். தெருவில் சிவப்பு பிக்கப் வாகனத்தில் போகிற கிழவர் சுக்கானிலிருந்து விரல்களைத் தூக்கிக் காட்டுவார், இவளும் கையைத் தூக்குவாள், அதையும் பேச்சில் சேர்க்கலாமென்றால் சேர்க்கலாம்.

சுரண்டி எட்டவில்லை. பின்சுவரில் கரி கறுப்புக் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. விறகுப் புகை குளிர்ந்து தாராகி ஒட்டினது. கதவு வாசலில் சாக்கை விரித்து, முழங்காலை ஊன்றி, தலையையும் ஒரு தோளையும் உள்ளே விட்டாள். உள்ளே போனதும் வெளியுலகம் காதுக்குப் பின்னால் நின்றுவிட்டது. அவளுடைய மூச்சு அவளுக்கே திரும்பி வந்தது, கசப்பாக, கருவாட்டுப் பானை மணத்தோடு. சுரண்டியை இழுக்க, கரி சில்லுச் சில்லாய்த் தெறித்துக் கன்னத்தில் பட்டது. ஒரு கணம் முழங்கால் சறுக்கிற்று. சறுக்கி நெஞ்சு இரும்பு விளிம்பில் மோத, அப்படியே அசையாமல் கிடந்தாள். நோகவில்லை. நொந்திருந்தால்? இப்படியே தலை உள்ளேயும் கால் வெளியேயுமாய்க் கிடந்தால் ஆர் பார்ப்பது? சிவப்பு வாகனக்காரர் பார்ப்பார். பார்த்து, பாவம் மனுசி வேலை செய்யுது என்று விரலைத் தூக்கிவிட்டுப் போவார். அவருக்கு வேறென்ன தெரியும்? ஆரணி இரவு தொலைபேசி எடுப்பாள், மணி அடித்துக்கொண்டே இருந்தால் அம்மா குளிக்கிறாவாக்கும் என்று நினைப்பாள், விடிய ஒருக்கா எடுப்பாள். சனிக்கிழமை அந்த விற்கிற ஆள் பளபளத்த சப்பாத்தோடு வந்து, வீட்டுக்குப் பின்பக்கத்தைப் பார்ப்போமோ என்று கேட்பான். சிரிப்பு வந்தது. சிரிப்பு இரும்புக்குள் முட்டி ஒரு ஆம்பிளையின் சிரிப்பு மாதிரிப் பெரிதாகக் கேட்டது, அதோடு நிறுத்திக்கொண்டாள். ஆரணி சொல்வதிலும் பிழையில்லை. தனிய இருக்கிற வயதோ இது. அங்கே மாடியில் தனியறை, கீழே பேரப்பிள்ளைகளின் சத்தம், நடந்துபோகிற தூரத்தில் கோயில். வாறன் என்று இவளும் சொல்லித்தான் இருக்கிறாள். சொன்னாளா? சரி பிள்ளை, பார்ப்பம் என்றாள். பார்ப்பம் என்றதை ஆரணி வாறன் என்று எடுத்துக்கொண்டாள். தாயின் சொல்லைப் பிள்ளைகள் தங்கள் வசதிக்கு மொழிபெயர்ப்பதுண்டு. இவள் மட்டும் தன் தாயின் சொல்லை என்ன செய்தாளாம்.

இந்த இடத்துக்கு வந்ததே அவருடைய பிடிவாதத்தால். ரொறன்ரோவில் ஓர் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ் அறையில் அவருக்குக் கொதிகலன் பார்க்கிற வேலை. வெளிச்சம் தெரியாத வேலை என்று ஓய்வெடுக்கும்வரை குறைப்பட்டுக்கொண்டார். ஓய்வெடுத்ததும் வானம் பார்த்துக்கொண்டு இருக்க வேணும் என்று மரங்களும் கல்லுமாய்க் கிடந்த இந்தக் காணியை வாங்கினார், வாங்கின கையோடு இங்கேயும் ஒரு கொதிகலனைக் கொண்டுவந்து நட்டார். வானத்துக்குக் கீழே நிற்கிற கொதிகலன். முதல் பனிக்காலம் புகை குசினிக்குள்ளேயே குடியிருந்தது. சீலைகளில், தலையணையில், சோற்றில்கூடப் புகை. அவள் தொண்டை கட்டி இருமி இருமிக் களைத்து, ஒருநாள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டினாள்: ஊரில் அடுப்பூதினது காணாதென்றோ கனடாவுக்குக் கூட்டிவந்து காட்டுக்குள் வைத்து அடுப்பூதப் பண்ணுறியள், என்னை உயிரோடு புகைபோடக் கொண்டுவந்தியளோ. அவர் மறுமொழி சொல்லவில்லை. அவர் எப்போது சொன்னார். அதற்குப் பிறகு புகை குறைந்தது. விறகு காயத் தொடங்கியிருக்கும் என்று அவள் நினைத்தாள். ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் வெளியில் நிற்கத் தொடங்கினார். விறகு வைத்துவிட்டு வாறன் என்று சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போவார், போனவர் வரமாட்டார். யன்னலால் பார்த்தால் பொய்லரின் மூடிய கதவுக்கு முன்னால், கை இரண்டையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வெறுமனே நிற்பார். உறைபனியில், மூக்கு சிவக்க, தேத்தண்ணி ஆறி ஆடை படியும்வரை. வீட்டுக்குள் ஒரு மனுசி இருக்கிறாள், அவளுடைய முகத்தைப் பார்ப்பதைவிடப் பனியைப் பார்ப்பது மேல் என்று ஒரு மனுசன் நினைத்தால் அவனை என்ன செய்யலாம். அவள் ஒன்றும் செய்யவில்லை. ஆறின தேத்தண்ணியை ஊற்றிவிட்டுப் புதிதாகப் போட்டு வைத்தாள். சில நாள் அதையும் போட்டு வைக்கவில்லை. இப்படியே வருடங்கள் போயின, யன்னலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருவர். இந்தப் பனிக்காலம் அவர் இல்லாமல் அவளே விறகு வைத்தாள். ஓடிப்போய்க் கதவைத் திறந்து, எறிந்துவிட்டு, ஓடி வந்தாள். அவளுக்கு வெளியில் நிற்க என்ன இருக்கிறது? புகைதான் பழையபடி குசினிக்குள் வந்துவிட்டது. விறகில் ஈரம் ஏறிவிட்டது போல.

வெளியே தலையை இழுத்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்திற்று. சுரண்டின கரியை வாரி, உள்சுவருக்குத் துணியால் எண்ணெய் தடவினாள், முதுகுக்குத் தடவுவதுபோல நீளமாக. அவருடைய முதுகு இப்போது சின்னதாகிவிட்டது. இல்லத்தில் மேற்சட்டை மாற்றும்போது பார்த்தாள், தோள்பட்டை எலும்புகள் சட்டை தொங்கவிடுகிற கொழுவி மாதிரி. எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டபோது அவள், ஆவணியில் பொய்லருக்கு நெருப்பு வைத்தவர் என்றாள். உண்மைதான். வெளியில் வெயில் கொளுத்த, விறகு அடுக்கி, பற்றவைத்து, வீட்டுக்குள் வந்து யன்னல்களையெல்லாம் சாத்தினார். குளிரப் போகுது என்றார். அவருடைய நெற்றியில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை விளையாட்டென்று நினைத்தாள், பிறகு தன்னை எரிச்சற்படுத்தவென்று நினைத்தாள், மறதி வருத்தம் என்று நினைக்கக் கன நாள் சென்றது. மார்கழியில் ஒருநாள் விடியக் காலமை சாப்பாட்டுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வேலைக்கென்று பனிக்குள் நடந்துவிட்டார். சிவப்பு வாகனக்காரர்தான் பார்த்து ஏற்றிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஆரணி நாலு இடத்தில் எழுதிப் போட்டு இந்த இல்லத்தைப் பிடித்தாள். ஞாயிறு தோறும் அவள் பழைய வாகனத்தை மெதுவாக உருட்டிக்கொண்டு போகிறாள். முதல் மூன்று மாதமும் நான் நகுலா, உங்கட மனுசி என்று சொன்னாள். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வாசலைப் பார்ப்பார். ஒருநாள் பொறுமை போய், பக்கத்தில் நின்ற தாதியிடம், இந்த அக்கா ஆரையோ தேடி வந்து மாறி என்னிடம் வந்திட்டா, பாவம், கூட்டிக்கொண்டு போங்கோ என்று தமிழில் சொன்னார். பிலிப்பைன்ஸ்காரி மரிசெல்லுக்கு என்ன விளங்கியதோ, சிரித்தாள். அக்கா. அவருடைய மனுசிக்குத் தலைமயிர் கறுப்பாயிருக்கும், இந்த நரைத்த மனுசி ஆர்? அதற்குப் பிறகு அவள் தன்னை இன்னாரென்று சொல்வதை விட்டுவிட்டாள். போவாள், பக்கத்தில் இருப்பாள், தோடம்பழம் உரித்துக் கொடுப்பாள், வருவாள்.

பின்பக்கம் போய்ச் சின்னக் குழாயைத் திறந்தாள். முதலில் செம்மண் கலங்கல் மாதிரி வந்தது, பிறகு தெளிந்தது. தெளிந்த தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, பக்கத்திலுள்ள விறகுக் கொட்டிலின் தட்டிலிருந்த, தண்ணீர் சோதிக்கிற சின்னப் போத்தலால் துளித்துளியாக விட்டுக் குலுக்கினாள். நிறம் வந்தது. நிறத்தை ஒப்பிடுகிற அட்டை யன்னலோரம் கிடந்து வெயிலில் வெளிறி, எல்லாக் கட்டமும் ஒரே சாம்பலாக நின்றது. நீலம் வந்தால் நல்லது, மஞ்சள் வந்தால் இரும்பு கரைகிறது, அது மட்டும் போத்தலில் அச்சடித்திருந்தது. இது நீலமுமில்லை, மஞ்சளுமில்லை. தூக்கி வானத்துக்கு நேரே பிடித்தாள். மயில்கழுத்து. ஆரணியின் சாமத்தியச் சடங்குக்குக் கட்டின சீலையின் நிறம். அது நல்லதா கெட்டதா? பொய்லர் விற்ற கடைக்குத் தொலைபேசி எடுத்தாள், பதிவுக் குரல் வந்தது. கைபேசியைக் கையில் வைத்திருக்கும்போதே ஆரணி எடுத்தாள். வேலை இடத்திலிருந்து, அவசரமாக. வீடு விற்கிற ஆள் சொன்னவராம், அந்தப் பழைய விறகுச் சாமானைக் கண்டால் வாங்க வாறவை பின்வாங்குவினம், தண்ணியையெல்லாம் திறந்து விட்டுவிட்டால் பிறகு ஆளை வைத்துக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாமாம். பெரிய குழாய் ஒன்று அடியில் இருக்குமாம், அதைத் திறந்தால் சரியாம். அவள் உம் கொட்டினாள். கட்டாயம் செய்யுங்கோ அம்மா என்றாள் ஆரணி. உம். பெரிய குழாய் இருந்தது. குந்தி அதன் பிடியில் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது. கால்வட்டம் திருப்பினால் போதும், பள்ளத்தால் ஓடி, வேலியடிப் பனித்துண்டையும் கரைத்துக்கொண்டு போய்விடும். போகட்டுமே. ஆருக்கு இனி இந்தச் சூடு? இவ்வளவு பெரிய வீட்டில் ஒரு தலையணை. திருப்பு என்றாள் தனக்கு. கை கேட்கவில்லை. மற்றக் கையில் குப்பி இருந்தது, அதிலுள்ள மயில்கழுத்து அசைந்து அசைந்து நின்றது. இந்த நிறத்தின் அர்த்தம் தெரிந்த ஒரு ஆளை அவளுக்குத் தெரியும். தெரியும், ஆனால் அந்த ஆளுக்கு அவளைத் தெரியாது. முகத்தைக் கண்டால்தானே அவருக்கு ஆள் மாறிப்போகிறது. குரலுக்கு நரை உண்டோ?

இல்லத்துக்கு எடுத்தாள். மரிசெல் அதிசயப்பட்டாள், இந்த நேரத்தில் அவள் எடுப்பதில்லை. இன்றைக்கு நல்லாயிருக்கிறார், சாப்பிட்டார் என்று சொல்லிக்கொண்டே நடந்துபோய் அவருடைய காதில் பிடித்தாள். மூச்சுக் கேட்டது. அந்த மூச்சை அவள் ஒரு ஆயுள் முழுக்கக் கேட்டிருக்கிறாள்.

"இஞ்சாருங்கோ," என்றாள். மனுசனைக் கூப்பிடுகிற பழக்கத்தில் வந்துவிட்டது.

"ஆர் கதைக்கிறது?"

குப்பியைப் பார்த்தாள். "நான் ஒரு பொய்லர் வைச்சிருக்கிறன். வெளியில நிக்கிற விறகுப் பொய்லர். தண்ணியைச் சோதிச்சுப் பார்த்தனான், நிறம் விளங்கேல்லை. உங்களுக்குத் தெரியும் எண்டு சொன்னவை."

மரிசெல்லின் சப்பாத்துச் சத்தம், எங்கோ ஒரு வண்டிலின் சில்லு. விட்டுவிடலாம் என்று அவள் நினைக்கும்போது அவருடைய தொண்டை செருமியது. கதிரையில் நிமிர்ந்திருப்பார். அந்தச் செருமலை அவளுக்குத் தெரியும், வேலை விசயம் கதைக்க முதல் வருவது.

"என்ன நிறம்?"

"மயில்கழுத்து."

"பச்சை கூடவோ, நீலம் கூடவோ?"

குப்பியை மறுபடி வானத்துக்குத் தூக்கினாள். "பச்சைதான் கூட."

"அப்ப துருவுக்கு விடுற மருந்து காணாது," என்றார்.

பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். சாம்பல் வாரியாச்சோ, மூலையெல்லாம் பார்த்ததோ, சுவருக்கு எண்ணெய் போட்டதோ, கதவுக் கயிறு காய்ந்து கிடக்கோ. அவள் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னாள். பிளாஸ்டிக் மருந்துக் கான் கொட்டிலில் இருக்கும் என்றார், எல்லாக் கொட்டிலிலும் அது வலக்கைப் பக்கம் கீழ்த்தட்டில்தான் இருக்கும் என்பதுபோல, அங்கேதான் இருந்தது. பின்கூரையில் ஒரு மூடி இருக்கும், புனல் வைத்து அதற்குள்ளே விடச் சொன்னார். கைபேசியின் சத்தத்தைக் கூட்டித் தகரக் கூரையில் வைத்துவிட்டு, முக்காலியில் ஏறி நின்றாள். அவருடைய குரல் தகரத்தில் அதிர்ந்து வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விசயத்தைப் பற்றி இவ்வளவு நேரம் கதைத்தது எப்போது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆரணியின் கலியாணத்துக்கு ஆட்களுக்குச் சொல்லும்போதாக இருக்கலாம். அப்போதும் சண்டை. கானைச் சரிக்க முதல் அவள் நிறுத்தினாள். தண்ணியை முழுக்கத் திறந்து விடச் சொல்லுகினம் என்றாள்.

"ஆர் சொன்னது?" அவருடைய குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. "திறக்காதேங்கோ. தண்ணி நிண்டால் ஒண்டும் செய்யாது. வெறும் வயிறாய்க் கிடந்தால்தான் காத்துப் புகுந்து துருப் பிடிக்கும். நல்ல பொய்லரையெல்லாம் சனம் இப்பிடித்தான் சாகடிக்கிறது."

அவள் மருந்தை ஊற்றினாள். மெதுவாய், கண்ணில் தெறிக்காமல் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பழுப்பாய், தேன் மாதிரி இறங்கிற்று. முடிந்ததும் பம்ப்பை ஓடவிட்டால் கலந்துவிடும், நாளைக்குத் திருப்பி நிறம் பாருங்கோ என்றார். பிறகு சற்றுத் தயங்கி, உங்கட மனுசன் இல்லையோ என்று கேட்டார். வெளியில போயிட்டார் என்றாள். எப்ப வருவார்? சொல்லேல்லை. அவர் அதை யோசித்துப் பார்ப்பது மூச்சில் தெரிந்தது.

"புகை வீட்டுக்குள்ள வருதோ?"

"இந்தமுறை கனக்க வந்தது. விறகு ஈரம் போல."

"விறகில்லை. காத்து. எங்கட வீட்டிலயும் முதல் அப்பிடித்தான். மனுசிக்குப் புகை ஒத்துவராது, இருமி இருமிச் செத்துப்போவா. இப்ப நான் காத்துப் பார்த்துத்தான் கதவைத் திறக்கிறனான். வீட்டுப் பக்கம் அடிச்சால் திரும்புமட்டும் வெளியில நிண்டுகொள்ளுவன். சில நாள் கன நேரம் செல்லும்."

முக்காலியில் நின்றபடி அவள் கூரையைப் பிடித்துக்கொண்டாள். மூடிய கதவு. சட்டைப் பைக்குள் கைகள். சிவந்த மூக்கு. மேலே, எங்கோ மேலேயல்லவா பார்த்துக்கொண்டு நிற்பார்? புகைபோக்கியை. வானத்தைப் பார்க்கிறார், என்னைத்தவிர எல்லாவற்றையும் பார்க்கிறார் என்று அவள் நினைத்தாள். அப்படித்தானா? அல்லது இது இன்றைக்கு அவருடைய மூளை கட்டின கதையா, ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிற கதை மாதிரி? ஆனால் புகை குறைந்தது உண்மை. அவர் போனபிறகு புகை வந்தது உண்மை. அவள் ஓடிப்போய் ஓடி வந்ததும் உண்மை. ஆறி ஆறி ஊற்றின தேத்தண்ணிகளெல்லாம் ஒன்றாக நெஞ்சுக்கு வந்தன, போட்டு வைக்காமல் விட்டவையும் சேர்ந்து. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யன்னலைத் திறந்து என்ன செய்யிறியள் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா? கேட்கவில்லை. சொல்லவுமில்லை. இரண்டு பேரும் எவ்வளவு கெட்டிக்காரர்.

"உங்கட மனுசிக்கு அது தெரியுமோ?" என்று கேட்டாள்.

"இதையெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டு நிக்கிறதோ," என்றார், கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி.

கண்ணைத் துடைத்தாள், கரிக்கை என்பதை மறந்து. அவர் இப்போது நல்ல உற்சாகத்தில் இருந்தார். நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார். அவள் தெருவின் பேரைச் சொன்னாள்.

"அது எங்கட றோட்டல்லோ! பெரிய மேப்பிள் மரம் நிக்கிற வீடு, தெரியுமோ? அதுதான் எங்கட. நான் இப்ப வேலையில நிக்கிறன், வரச் சுணங்கும். ஒருக்கா எட்டிப் பாருங்கோ. மனுசி தனிய. சொல்லமாட்டா, ஆனால் ஆரும் போனால் சந்தோசப்படுவா."

"சரி," என்றாள் நகுலேஸ்வரி. "போய்ப் பார்க்கிறன்."

மரிசெல் கைபேசியை வாங்கி, இன்றைக்கு நல்லாய்க் கதைத்தார் என்ன என்றாள். ஓம், நல்லாய்க் கதைத்தார். நாளைக்கும் இந்த நேரம் எடுக்கலாமோ என்று கேட்டாள், நிறம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மரிசெல்லுக்கு விளங்கவில்லை, ஆனாலும் எடுங்கோ என்றாள். கூரையைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். கூரையின் மூடியை இறுக்கினாள். புகைபோக்கிக்கு வாளியைக் கவிழ்த்துக் கல் வைத்தாள். கொட்டிலுக்குள் போய்ப் பம்ப் சுவிச்சைப் போட்டாள். பிறகு ஆரணிக்கு எடுத்தாள், வேலை இடத்துக்கே. தண்ணீர் திறக்கவில்லை, மருந்து விட்டிருக்கிறேன், சனிக்கிழமை நீ மட்டும் வா, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வா, அந்த ஆளை இப்போதைக்கு வேண்டாமென்று சொல்லு என்றாள். கரகரப்பில்லாமல், ஒரே மூச்சில்.

"தண்ணி திறக்க வேண்டாமெண்டு ஆர் அம்மா உங்களுக்குச் சொன்னது?"

"எங்கட றோட்டுக்காரர் ஒராள்," என்றாள்.